கொழும்பிலிருந்து மாலே: 780 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு நாற்பது நிமிடம்

மாலத்தீவில் நர்சாக இருக்கும் என் மகள் முத்துலட்சுமிக்குப் பிரசவ விடுப்பு முடிந்த நாள் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு மறுபடி வேலையில் சேர வேண்டும். அவள் கேட்டு இரண்டு முறை நாளைத் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் முறை கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேலை இன்னொரு தீவில், ஓட்டலில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை மட்டும் படகில் வந்து போவார். ஆறு மாதப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது.

எட்டு மாதம் ஆனால் பிள்ளையை அங்குள்ள காப்பகத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். நடுவில் இரண்டு மாதம். சுற்றுலா விசா முப்பது நாள். அதனால் முதல் மாதம் நான், அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அம்மா பாக்கியம் என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்தார்கள். இது நடக்காவிட்டால் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு அவள் அங்கே மாரில் பால் கட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். அதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை சம்மதிக்க மாட்டேன்.

பாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது. ஊர் மல்லாங்கிணறு. நான்கு வருடத்துக்கு முன் வைகாசியில், ஒரு வியாழக்கிழமை, ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். பச்சைச் சுங்குடிச் சேலை, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. காப்பியை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, "ஒங்க ஊருல தண்ணியிலகூட மருந்து வாசம் அடிக்கே" என்றார். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. நான் இருபத்தாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவள். அந்த மருந்தில்தான் முத்துவை நர்சிங் படிக்க வைத்தேன். அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. கல்யாணத்தில் சந்தனம் கொடுத்தேன், வார்த்தை கொடுக்கவில்லை.

இனிப் பயணம். எங்கள் பக்கத்திலிருந்து மாலே போக மூன்று வழி. கொச்சியிலிருந்து நேர் விமானம் உண்டு, ஆனால் கொச்சி போகவே ஏழு மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்தும் உண்டு, எனக்கு வேண்டிய நாளில் இல்லை. மூன்றாவது, மதுரையில் ஏறிக் கொழும்பில் இறங்கி வேறு விமானம் மாறுவது. என் பாஸ்போர்ட் வந்து சேர்ந்ததே முந்தின வாரம்தான். அதற்குள் கிடைத்தது இந்த மூன்றாவது வழி. விருதுநகரில் டிக்கெட் போட்டவர், போக வர இருபத்துமூன்றாயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார். ஜன்னல் சீட்டு கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு ஜன்னலு, தூங்கிருவீக" என்று சிரித்தார். அவரையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். ஜன்னல் சீட்டு வாங்கிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஆமத்தூரில் புறப்பட்டோம். காரோட்டியவர் எங்கள் தெருக் கருப்பசாமி. மதுரை விமான நிலையம் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வாடகை ஆயிரத்து எழுநூறு. விருதுநகர் தாண்டி நாற்கரச் சாலை ஏறியதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பெரியம்மா, பிளேன்ல துண்டு போட்டுச் சீட்டு பிடிக்கணுமோ?"

"போடுறேன்லே. ஒனக்கும் சேத்துப் போடட்டுமா?"

"நமக்கு வேண்டாம் தாயி. பஸ்சு நின்னு போனா எறங்கித் தள்ளலாம். அது நின்னு போனா?"

"அப்ப நீ வந்து கீழ இருந்து தாங்கு."

திருமங்கலத்தில் டீ குடித்துவிட்டு ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு விமான நிலையத்தில் இறங்கினேன். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். வந்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய பெட்டியை இங்கேயே ஒப்படைத்தால் மாலேயில்தான் வாங்க வேண்டும். கொழும்பில் தேட வேண்டாம். இரண்டு விமானத்துக்கும் சீட்டு மதுரையிலேயே கொடுத்துவிட்டார்கள். கையில் வைத்திருந்தது ஒரு துணிப்பை. அதில் பாஸ்போர்ட், முத்து எழுதி அனுப்பிய விலாசம், பிள்ளைக்குத் தூளி கட்ட என் பழைய சேலைகள் இரண்டு.

அந்தச் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான், பாலியஸ்டர் எதுவும் உடுத்தக் கூடாது. உரசினால் பொறி வரும். பருத்திதான். இருபத்தாறு வருடம் பருத்தியாக உடுத்தித் துவைத்து, துவைத்து உடுத்திய சேலை எப்படி இருக்கும்? வெண்ணெய் மாதிரி இருக்கும். தூளிக்கு அதைவிடத் துணி கிடையாது. கம்பெனியை விட்டு நின்று மூன்று வருடம் ஆகிறது. நல்லதாக இரண்டை எடுத்து, சோறு கொண்டுபோன பழைய பையிலேயே மடித்து வைத்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

மதுரையில் இரும்பு சோதிக்கும் வாசல் என்னைப் பார்த்துச் சத்தமே போடவில்லை. முன்னால் போனவர்களுக்கெல்லாம் கத்தியது. கம்பெனிப் பழக்கத்தில் ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் நான் குத்துவதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை. விமானம் ஏறும்போது கதவோரத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். மருந்து அறைக்குள் நுழையும்முன் உடம்பின் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடுவோம். பின்னால் வந்த அம்மாள் நான் கும்பிடுவதாக நினைத்து அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மதுரை - கொழும்பு ஒரு மணி நேரம். பத்து ஐந்துக்குக் கிளம்பி பதினொன்று ஐந்துக்கு இறங்கினோம். ராமேசுவரத்துக்குப் பிறகு கடல் பச்சையும் நீலமுமாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கிடந்தது. அவ்வளவு மணல் தண்ணீருக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

கொழும்பு விமான நிலையம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுகிறவர்கள் தனி வழியில் போக வேண்டும். பலகை தமிழிலும் இருக்கிறது. அடுத்த விமானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு, வாசல் அடைப்பது பன்னிரண்டரைக்கு. நேரம் இருக்கிறது என்று நிதானமாக நடந்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்குச் சோதனை இடத்தில் நின்றேன். இரும்பு வாசல் அங்கேயும் சத்தமில்லை. பிறகு ஒருவர் சின்னத் துணி ஒன்றை எடுத்து என் பையின் பிடியிலும் உள்ளேயும் தேய்த்து, ஒரு பெட்டிக்குள் சொருகினார்.

பெட்டி கத்தியது. சிவப்பு விளக்கு.

மறுபடி தேய்த்தார். மறுபடி கத்தியது. இரண்டு பேர் வந்தார்கள். என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். சிங்களத்தில் கேட்டார்கள், இங்கிலீசில் கேட்டார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. பிறகு கஞ்சி போட்ட சட்டையும் நெற்றியில் சின்னப் பொட்டுமாக ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. உங்கட பையில வெடிமருந்து இருக்கெண்டு மெசின் சொல்லுது. என்ன கொண்டுவந்தனீங்கள்?"

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. மல்லாங்கிணற்றில் பாக்கியம் சிரிக்கும் சத்தம் காதில் கேட்டது. மூக்கால் அவர் சொன்னதை மெசின் சொல்கிறது.

"வெடி கொண்டாரலைங்க. தூளிக்குச் சேலை கொண்டாந்தேன்" என்றேன்.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"செவகாசிப் பக்கம். பட்டாசுக் கம்பெனி. இப்ப இல்ல, மூணு வருசமாச்சு. பை அந்த நாளுல சோறு கொண்டுபோன பை."

"சிவகாசியோ?" என்று அந்த அம்மாள் என் கையைப் பார்த்தார். "சின்னனில தீபாவளிக்கு உங்கட ஊர் வெடிதான் கொளுத்தினனாங்கள். பெட்டியில ஊர் பேர் இருக்கும்."

ஆனால் ஊர் பேர் தெரிந்ததற்காக விட்டுவிடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. என் கையைத் தேய்த்துப் பார்த்தார்கள், கத்தவில்லை. பாஸ்போர்ட், கத்தவில்லை. சேலை ஒன்று, கத்தியது. சேலை இரண்டு, கத்தவில்லை. காலிப் பை, கத்தியது. ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டில் வைத்து, பெரிய அதிகாரி வந்து, எழுதி, என் பெரிய பெட்டியையும் கீழே பார்த்துவிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். சுவரில் பன்னிரண்டு ஐந்து.

"தாயி, நாலு மணிக்கு எம்மக டூட்டியில சேரணும். இந்தப் பிளேனை விட்டா அடுத்தது எப்ப?"

"பின்னேரம்தான். ஏழு மணிக்கு மேல போய்ச் சேரும்."

"அப்ப எம்மக வேலை போயிரும். பிள்ளைய யாரு கையில குடுத்துட்டுப் போவா?"

பெட்டி பார்க்கப் போனவர் திரும்பி வந்து தலையை ஆட்டினார், ஒன்றும் இல்லை என்று. அப்போதுதான் அந்தச் சேலையை நானே நன்றாகப் பார்த்தேன். முந்தானையை உள்ளே மடித்துத் தைத்திருந்தேன், சரம் பின்னும்போது திரியில் படாமல் இருக்க. அந்த மடிப்பின் தையலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. எத்தனை துவைப்புக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. இதில்தான் ஆறு மாதப் பிள்ளையைப் போட இருந்தேன். அது தூளித் துணியை எடுத்து வாயில் வைக்கிற வயசு.

"இந்தச் சேலையையும் பையையும் நீங்களே வச்சுக்கோங்க. மத்ததக் குடுங்க" என்றேன்.

"விருப்பத்தோடதானே விடுறியள்?"

"விருப்பத்தோடதான். பிள்ளைக்கு ஆகாது."

ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மற்றொரு சேலையையும் பாஸ்போர்ட்டையும் அந்த அம்மாளே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடக்கவில்லை, ஓடினோம். பன்னிரண்டு பதினைந்துக்கு விட்டார்கள், இருபத்தாறுக்கு வாசலில் நின்றோம். "போயிட்டு வாங்கோ அம்மா" என்றார். பெயர் கேட்க மறந்துவிட்டேன். நான் மறந்தது வாழ்க்கையில் இரண்டோ மூன்றோதான், அதில் இது ஒன்று.

கொழும்பு விமான நிலையத்துக்கும் மாலே விமான நிலையத்துக்கும் நடுவே வானத்தில் ஏறத்தாழ எழுநூற்று எண்பது கிலோமீட்டர். விருதுநகரில் ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து திரும்பி விழுப்புரத்தையும் தாண்டி வருகிற தூரம். நமக்கு அது ஒரு ராத்திரியும் அரைப் பகலும். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு ரொட்டி, ஒரு சாறு, அதற்குள் முடிந்துவிடும். சீட்டில் பன்னிரண்டு ஐம்பது புறப்பாடு, ஒன்று ஐம்பது வந்து சேர்வது என்றுதான் போட்டிருக்கும். ஒரு மணி நேரம்தானே என்று நினைக்காதீர்கள். மாலே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால். போகும்போது அரை மணி லாபம், திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். திரும்பும் சீட்டில் இரண்டு மணி நேரம் போட்டிருக்கும், உட்கார்ந்திருப்பது அதே ஒன்றரை மணிதான். அன்று அந்த அரை மணியை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் கடல் தவிர ஒன்றும் இல்லை. கப்பல்கூட இல்லை. பிறகு கீழே ஒரு வளையம். நீலத்தில் பச்சை வளையம், நடுவில் வெளிர் நீலம். அப்புறம் இன்னொன்று, அப்புறம் பத்து, இருபது. தரைச்சக்கரத்தை நிறுத்தி எடுத்து யாரோ கடலில் மிதக்க விட்ட மாதிரி இருந்தது. கையால் எத்தனையோ சக்கரம் சுற்றிப் பார்த்திருக்கிறேன், இத்தனை நேர்த்தியாக ஒன்றும் பார்த்ததில்லை. என்னை அறியாமல் "அம்புட்டும் யாரு செஞ்சது" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எதற்கோ தலையை ஆட்டினார்.

இறங்கும்போது மட்டும் பயந்தேன், மறைக்கவில்லை. தண்ணீர் கிட்டே வருகிறது, இன்னும் கிட்டே வருகிறது, தரையைக் காணோம். அலை தெரிகிறது, படகில் நிற்கும் ஆளின் சட்டை தெரிகிறது. கடைசி நொடியில் எங்கிருந்தோ ஓடுபாதை காலுக்குக் கீழே வந்தது. அந்தத் தீவில் விமான நிலையம் மட்டும்தான். சுற்றிலும் கடல். இப்படி ஒன்றைக் கட்டிய கையைக் கும்பிட வேண்டும்.

முப்பது நாள் விசா இறங்கிய இடத்திலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். திரும்பும் சீட்டையும் தங்கும் விலாசத்தையும் கேட்டார்கள். புறப்படுவதற்கு முந்தின நான்கு நாளுக்குள் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முத்து அங்கிருந்தே நிரப்பிவிட்டாள். கும்பிடுகிற சாமி சிலை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கள் கருப்பசாமியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன், காரோட்டியையும் சேர்த்து.

இரண்டு நாற்பதுக்கு வெளியே வந்தேன். பிள்ளை தூங்குகிற நேரம், முத்துவால் வர முடியாது. டாக்சிக்காரரிடம் விலாசத்தை நீட்டினேன். ஊர் எது என்று சைகையில் கேட்டார்.

"மதுரை" என்றேன். ஆமத்தூர் என்றால் அவருக்கு என்ன தெரியும்.

"மதுரை! அம்மா கண் ஆப்பரேசன்! இட்லி! சாப்டாச்சா?" என்றார். அவருடைய அம்மாவுக்கு அங்கேதான் கண் புரை எடுத்தார்களாம். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அது எனக்குப் போதும். கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பத்து நிமிடம், அந்த ஊர்க் காசில் எழுபத்தைந்து ருஃபியா.

மூன்று பத்துக்குக் கதவைத் தட்டினேன். முத்து யூனிபார்மோடு நின்றாள். கண் வீங்கி இருந்தது.

"போன் எடுக்கவே இல்லையேம்மா. கொழும்புல பிளேன விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"விடுவேனா. மொதல்ல பால் எடுத்து வச்சிட்டியா, அதச் சொல்லு."

மூன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினாள். பிள்ளை பன்னிரண்டு நிமிடம் அழுதது. பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் மூக்கையே பார்த்தது. நான்கு ஐந்துக்குப் போன் வந்தது. "கையெழுத்துப் போட்டுட்டேம்மா" என்றாள்.

இதெல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதைப் போனில் சொல்லிச் சொல்லி எழுத்தாக்கி, தப்பைத் திருத்தி, நான்கு மத்தியானம் ஆயிற்று. எழுத நினைத்ததும் இல்லை. போன சனிக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து பாக்கியம் முத்துவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"நான் வரல தாயி. கொழும்புல எறங்கி வேற பிளேன் ஏறணுமாம்ல. பாஷை தெரியாத எடத்துல தொலைஞ்சு போனேன்னா? பிள்ளைய இங்கன அனுப்பி விடு, நான் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்த பிறகு முத்து என்னைப் பார்த்தாள். "நீ ஒரு வார்த்தை பேசினா வருவாகம்மா" என்றாள். பேச மாட்டேன் என்றேன். எழுதித் தருகிறேன் என்றேன். ஆகவே இனி வருவது, இதே வழியில் முதல் முறை வருகிற எல்லாருக்கும்தான், ஆனால் முதலில் மல்லாங்கிணற்றுக்கு.

கொழும்பில் தொலைய வழியே இல்லை. பலகையில் தமிழ் இருக்கிறது. சோதனை இடத்தில் தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். இறங்கியதும் கழிப்பறை, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் சோதனையைத் தாண்டுங்கள்.

பையை மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டிலும் சின்ன மருமகள் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். அவள் துணியும் உங்கள் துணியும் ஒரே கொடியில்தான் காய்கிறது. வீட்டில் இருக்கும் எந்தப் பையையும் எடுக்காதீர்கள். விருதுநகரில் புதுப் பை வாங்கி, புதுத் துணி வைத்து, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு கொண்டு வாருங்கள். என்னைக் கொழும்பில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். என் சேலையில் மருந்து இருந்தது. அதை நானே சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாற்பது நிமிடம் உங்களுக்கு வர வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை உண்டு, நிற்க முடியாது.

மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். ஜன்னல் சீட்டு கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். கொழும்பு தாண்டி ஒரு மணி நேரம் கழித்துக் கீழே பாருங்கள். இறங்கும்போது தண்ணீர் கிட்டே வந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தரை வந்துவிடும்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாளே நீங்கள் வர வேண்டும், பிள்ளை முகம் பழக. ஒரு ராத்திரி ஒரே அறையில்தான் படுக்க வேண்டியிருக்கும். விலாசத்தை நீட்டி டாக்சி பிடிக்கிற வேலை உங்களுக்கு இல்லை. வெளிக்கதவைத் தாண்டியதும் அங்கேயே நில்லுங்கள், நான் வந்து நிற்பேன். என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையை மட்டும் நீட்டுங்கள், பிள்ளையைத் தருகிறேன்.